பத்தேகால் மணி மேடு

ஸோலன், அயோவா
ஜூன் 5, வியாழன்
காலை 9 மணி 14 நிமிடம் (இது நான் உட்கார்ந்திருக்கும் காபிக் கடையின் சுவர்க் கடிகாரப்படி. அதை நம்ப வேண்டாம், நாற்பது நொடி பிந்தியது.)

இன்னும் ஒன்பது நாளில் எனக்குச் சம்பந்தியாகப் போகிறவரும், அதற்குள் மனம் மாறிவிடக் கூடாதே என்று நான் கர்த்தரை வேண்டிக்கொண்டிருப்பவருமான மரியாதைக்குரிய திரு. ஆர்லின் டிட்மர் அவர்களுக்கு, டுவெய்ன் ப்ரிபில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எழுதுவது.

தங்கள் நலமும், மாப்பிள்ளை கர்ட்டிஸின் நலமும், தங்கள் கொட்டகையில் இருக்கிற ஆயிரத்து இருநூறு பன்றிகளின் நலமும் அறிய ஆவல். டிப்டன் பக்கம் நல்ல மழை என்று ரேடியோவில் சொன்னார்கள், சோளம் இந்நேரம் கணுக்கால் தாண்டியிருக்கும். இங்கே நானும் என் மனைவி மார்லிஸும் மகள் கெண்ட்ராவும் சுகம். மார்லிஸ் என்னோடு பேசி ஏழு நாள் ஆகிறது, கெண்ட்ரா பேசி ஆறு நாள் ஆகிறது என்பதைத் தவிர எங்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லை.

தங்கள் பூட்ஸ் இரண்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. போன வியாழக்கிழமை தாங்கள் வெறும் காலுறையோடு எங்கள் வீட்டு நிலவறைப் படியேறி, புல்வெளியில் நடந்து, சர்ச்சுக்குப் பின்னால் நிறுத்தியிருந்த வண்டியை எடுத்துக்கொண்டு போன காட்சி என் கண்ணைவிட்டு மறையவில்லை. அன்று காலையில்தான் புல்லுக்குத் தண்ணீர் விட்டிருந்தேன். அதற்கும் மன்னிப்பு.

நடந்ததை விளக்கித்தான் இந்தக் கடிதம். நேரில் சொல்லலாமென்று இரண்டு தடவை டிப்டன்வரை வந்தேன், தங்கள் வேலிக் கதவைப் பார்த்ததும் வண்டி தானாகத் திரும்பிவிட்டது. நான் அதிகம் படித்தவன் இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் இயற்பியலில் தப்பித்ததே வாத்தியார் வீட்டு ஹீட்டரைச் சரிபண்ணிக் கொடுத்ததால்தான். அப்புறம் முப்பத்தெட்டு வருஷம் ஊரார் வீட்டு ஹீட்டரையும் ஏ.சி.யையும் சரிபண்ணி, ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்றவர்கள் மீன் பிடிப்பார்கள், பேரப்பிள்ளைகளைப் பிடிப்பார்கள். என்னைக் கடிகாரம் பிடித்துக்கொண்டது.

கடிகாரம் என்றால் கையில் கட்டுகிறது இல்லை. செல்போன் கோபுரத்திலிருந்து கழித்துப்போட்ட ருபீடியம் கடிகாரம், ஒரு ரொட்டிப் பொட்டலம் அளவு இருக்கும், முள்ளும் கிடையாது, எண்ணும் கிடையாது, மணி எத்தனை என்று அதைக் கேட்டால் அதற்கே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரு நொடி எவ்வளவு நீளம் என்பது மட்டும்தான். அதை மட்டும் மூவாயிரம் வருஷத்துக்கு ஒரு நொடிகூடப் பிசகாமல் சொல்லும். நொடிக்கு ஒரு தடவை ஒரு சின்ன ஒலிபெருக்கியில் 'டிக்' என்று சத்தம் வருகிற மாதிரி நானே சால்டரிங் பண்ணி வைத்திருக்கிறேன். ஒன்று வாங்கினால் போதும் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒன்று சரியாக ஓடுகிறதா என்று பார்க்க இன்னொன்று வேண்டுமே! ஆகவே ஒன்று நிலவறை மேசைமேல் திறந்தபடி, இன்னொன்று மீன் பிடிக்கப் போகிறவர்கள் பியர் வைத்துக்கொண்டு போகிற ஐஸ் பெட்டிக்குள் பஞ்சு சுற்றிப் பத்திரமாக. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணினி ராப்பகலாகக் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். கோடு நேராக இருந்தால் சந்தோஷம். வளைந்தால், இரண்டு பெண்டாட்டிக்காரன் பாடுதான் என் பாடு, யார்மேல் தப்பு என்று தெரியாது, இரண்டையும் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

எங்களைப் போன்ற பைத்தியங்களுக்கு ஒரு கூட்டம் உண்டு, வருஷத்துக்கு ஒருதரம் பழைய சாமான் சந்தையன்று காலைப் பலகாரத்துக்குக் கூடுவோம். அங்கே ஒரு மரப் பலகை இருக்கிறது. தொண்ணூறு நாள் விடாமல், மின்சாரம் போகாமல், மேசை ஆடாமல், நேர்கோடு போட்டுக் காட்டினவன் பெயரை அதில் பொறிப்பார்கள். என் நண்பன் ஹெர்ம் வான்ஸ்லைக் பெயர் மூன்று தடவை இருக்கிறது. என் பெயர் இல்லை. போன வருஷம் எழுபத்தொன்றாவது நாளில் மார்லிஸ் இஸ்திரிப் பெட்டியைச் செருகினாள், ஃபியூஸ் போய்விட்டது. இந்த வருஷம் மார்ச் பதினாறாம் தேதி ஆரம்பித்தேன். தொண்ணூறு நாள் முழுதாக நிறைவது ஜூன் பதினான்கு. அன்றைக்குத்தான் கல்யாணம் என்று பிள்ளைகள் முடிவு செய்தபோது, "ஒரு வாரம் தள்ளி வெச்சா என்னம்மா?" என்று கெண்ட்ராவிடம் கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எந்த மீட்டரிலும் அளந்ததில்லை.

ஆகவே நிலவறைக்குச் சட்டம் போட்டேன். யாரும் இறங்கக் கூடாது. துணி துவைக்கும் இயந்திரம் காரேஜுக்குப் போனது. மார்லிஸ் படிக்கட்டின் மேல்படியில் நின்றுகொண்டு கேட்டாள்: "டுவெய்ன், உள்ள இருக்கறது கடிகாரமா, பச்சை உடம்புக்காரியா? கதவைக் கூடத் தொறக்கக் கூடாதா?"

"சூடு மாறிடும், மார்லிஸ்."

"எனக்கு ஏற்கெனவே மாறிடுச்சு."

முதல் ஆறு வாரம் கோடு வெண்ணெய் மாதிரி ஓடியது. ஹெர்முக்கு அனுப்பினேன், அவனே பொறாமைப்பட்டான். மே மாதம் பிறந்ததும் வந்தது வினை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்குக் கோட்டில் ஒரு மேடு. பதினொரு மணிக்கு இறங்கி, மதியம் பழையபடி நேராகிவிட்டது. வியாழக்கிழமை மறுபடி அதே மேடு. அடுத்த செவ்வாய், அடுத்த வியாழன். புள்ளிக்குப் பின்னால் பதினொரு சைபர் போட்டு அதற்கப்புறம் வருகிற இலக்கத்தில்தான் இந்தத் தடுமாற்றம், இதனால் உலகத்தில் ஒரு ஈ எறும்புக்குக்கூட நஷ்டம் இல்லை. ஆனால் காரணம் காட்டினால்தான் கூட்டத்தில் அந்த மேட்டை மன்னிப்பார்கள், எனக்குத் தூக்கம் போயிற்று. அந்த நேரத்தில் நான் வீட்டில் இருப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். செவ்வாயும் வியாழனும் காலையில் ஹெர்மோடு இதே கடையில் காபி குடிப்பது பத்து வருஷ வழக்கம்.

முதலில் நிலவறையில் இருக்கிற பெரிய ஃப்ரீசர்மேல் சந்தேகப்பட்டேன். மோட்டார் ஓடினால் சூடு வரும் அல்லவா? ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காபிக்குப் போனேன். மேடு வந்தது, ஆகவே ஃப்ரீசர் நிரபராதி என்று நிரூபணம் ஆயிற்று. நிரூபணமான சந்தோஷத்தில் பிளக்கைத் திரும்பச் செருக மறந்துபோனேன். தாங்கள் கிறிஸ்துமஸுக்கு அன்போடு கொடுத்த அரைப் பன்றி அதற்குள்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை வாசனை வந்துதான் கண்டுபிடித்தோம். அது சர்ச் விருந்தில் எல்லோரும் சாப்பிட்டுப் பாராட்டினார்கள் என்று அப்போது தங்களுக்கு நன்றி அட்டை எழுதினேனே, அது பொய். அது தோட்டத்தில் ரோஜாச் செடிக்கு அடியில் இருக்கிறது. ரோஜா நன்றாக வந்திருக்கிறது.

அடுத்து வெந்நீர் பாய்லர். செவ்வாய், வியாழன் பத்து முதல் பதினொன்றரை வரை அதை அணைத்து வைத்தேன். நான் காபி குடித்துவிட்டு வந்தால் மார்லிஸ் தலையில் துண்டோடு, உதடு நீலமாக, கூடத்தில் நிற்கிறாள். "பதினோரு மணிக்குக் குளிக்கப் போனா ஐஸ் தண்ணி கொட்டுது! முப்பத்தெட்டு வருஷம் ஊரு பூரா பாய்லர் ரிப்பேர் பண்ணினியே, உன் பொண்டாட்டிக்கு ஒரு வாளி சுடுதண்ணி இல்லையா?" வழக்கமாகக் காலை ஏழு மணிக்குக் குளிக்கிறவள் எதற்காகப் பதினொரு மணிக்கு இன்னொரு தடவை குளிக்க வேண்டும் என்று அறிவுள்ள எவனும் அப்போதே கேட்டிருப்பான். நான் பாய்லர் நிரபராதி என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பிறகு பக்கத்து வீட்டு ஆர்டித் அம்மாள். அந்த அம்மாளுக்கு எழுபத்தாறு வயது. வீட்டுச் சுவர் எங்கள் சுவரை ஒட்டினாற்போல இருக்கிறது. கதவைத் தட்டி, மரியாதையாகத்தான் கேட்டேன்: "செவ்வாய், வியாழன் பத்து மணிக்கு மேல முடி உலர்த்தற மெஷின் போடுவீங்களா? போட்டா எத்தனை நிமிஷம்னு ஒரு தாள்ல எழுதி வைக்க முடியுமா?" ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பெண்கள் எல்லோரும் என்னை ஒருமாதிரி பார்த்தார்கள். பாதிரியார் என் தோளில் கை வைத்து, "ஓய்வு பெற்றப்புறம் மனசு இப்படித்தான் அலையும், டுவெய்ன்" என்றார்.

இதற்கிடையில் நிலவறையில் ஒரு வாசனை. மன்னிக்க வேண்டும் சம்பந்தி, இதை எப்படி நாகரிகமாகச் சொல்வது என்று ஒரு கோப்பை காபி முழுக்க யோசித்துவிட்டேன். தங்கள் தொழிலின் மணம். மண்ணுக்குள் போன அரைப் பன்றியின் ஆவி திரும்பி வருகிறது என்றே நினைத்தேன்.

கடைசியில் கோட்டை ஒரு நீளத் தாளில் அச்சடித்துக்கொண்டு வந்து, இதே மேசையில் ஹெர்ம் முன்னால் விரித்தேன். ஹெர்ம் நாற்பது வருஷம் ரேடியோ தொழிற்சாலையில் இருந்தவன், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை மூக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தான்.

"இது மெஷின் இல்லப்பா," என்றான். "மெஷின்னா டக்குனு ஏறும், டக்குனு எறங்கும். இதப் பாரு, மெள்ள ஏறுது, நடுவுல கொஞ்சம் எறங்குது, மூச்சு வாங்கிக்கிட்டு மறுபடி ஏறுது. இது ஆளு."

"ஆளா? எத்தனை ஆளு?"

"ஹீட்டர்காரன் நீயி. நீ சொல்லு."

எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கிற மனுஷன் ஒரு குண்டு பல்பு மாதிரி, நூறு வாட் சூடு. பனி வாருகிறவன் மூன்று நான்கு பல்பு. அறையின் அளவைப் போட்டேன், நேரத்தைப் போட்டேன், காகிதக் கைக்குட்டையிலேயே கணக்குப் பண்ணினேன். ஏழு பல்பு வந்தது.

"ரெண்டு ஆளு," என்றேன். "சும்மா உக்காந்திருக்கல. நல்லா பாடுபடறாங்க."

ஹெர்ம் கண்ணாடியை இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். முட்டைப் பொரியலை ஒரு வாய் போட்டுக்கொண்டான். "உன் வீட்டுல நீ இல்லாத நேரத்துல," என்று ஆரம்பித்து, நிறுத்தி, "காபி இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லட்டா?" என்றான். அவன் அவ்வளவு அன்பாக இருந்து நான் பார்த்ததே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினொரு மணிக் குளியல் ஞாபகம் வந்தது. அந்த மணமும் ஞாபகம் வந்தது. நாற்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தினவளைக் கோட்டுப் படத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்ட ஒரே புருஷன் இந்த மாநிலத்தில் நானாகத்தான் இருப்பேன்.

மிச்சத்தில் தாங்களும் இருந்தீர்கள். போன வியாழக்கிழமை, மே இருபத்தொன்பது, கோட்டின் எழுபத்தைந்தாம் நாள், காபிக்குப் போகிறவன் போலக் கிளம்பி, ஊரை மூன்று சுற்றுச் சுற்றி, பத்து இருபதுக்குத் திரும்பி வந்தேன். நிலவறைப் படிக்கட்டின் மேல்படியில் ஒரு ஜோடி பூட்ஸ், ஒழுங்காக, ஒன்றோடொன்று சேர்த்து வைத்திருந்தது. பதின்மூன்றாம் நம்பர். இந்த வட்டாரத்தில் அந்தக் கால் ஒருவருக்குத்தான் உண்டு. பூட்ஸைக் கழற்றி வைக்கிற அளவுக்கு ஆகிவிட்டதா என்று நினைத்தேன். கீழே என் கடிகாரத்தின் டிக், டிக். அதோடு மார்லிஸ் குரல்.

"வெறைப்பா நிக்காதீங்க ஆர்லின். இடுப்பைக் கொஞ்சம் விடுங்க."

"நம்மால ஆகாதுங்க. லோயிஸ் உசுரோட இருந்தப்பகூட நான் இதெல்லாம்..."

"ஆகும். மூச்சு விடுங்க மொதல்ல. என்னைப் பாருங்க, தரையைப் பாக்காதீங்க."

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. இரண்டு இரண்டு படியாக இறங்கி, பெரிய விளக்கைப் போட்டேன். தாங்கள் மார்லிஸின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அவள் முதுகில், நெருப்பைத் தொடுகிறவர் மாதிரி இரண்டு விரலால் மட்டும் வைத்துக்கொண்டு, காலுறையோடு நின்றீர்கள். முகத்தில் வேர்வை. எந்தப் புருஷனும் அந்த இடத்தில் கேட்க வேண்டியதை நானும் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் மேசைமேல் ஓடிக்கொண்டிருந்த கோட்டில் கண் போய்விட்டது. "நீங்கதானா? உங்களாலதான் பன்னெண்டாவது இலக்கம் ஆடுதா?" என்று வீடே அதிரக் கத்தினேன்.

தாங்கள் மார்லிஸின் கையை மெள்ள விட்டுவிட்டு, "மன்னிக்கணும்" என்று அவளிடம் மட்டும் சொல்லி, படியேறிப் போய்விட்டீர்கள்.

மார்லிஸ் பேசினாள். "ஏன்டா டுவெய்ன், உன் பொண்டாட்டி இன்னொரு ஆம்பளை கையைப் புடிச்சுக்கிட்டு நிக்கறா. உனக்குப் பன்னெண்டாவது இலக்கமா ஆடுது? எனக்கு எத்தனையாவது இலக்கம், சொல்லு!"

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள், அதுவும் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து. கல்யாண மண்டபத்தில் அப்பாவும் மகளும் ஆடின பிறகு, அம்மாவும் மகனும் ஆடுவது வழக்கம். கர்ட்டிஸைப் பெற்ற லோயிஸ் அம்மாள் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டதால், "அந்த ஆட்டத்தை விட்டுடலாம்ப்பா" என்று கர்ட்டிஸ் தங்களிடம் சொன்னானாம். விடக் கூடாது, அந்தப் பாட்டுக்கு மருமகளோடு நானே ஆடுகிறேன், ஆடச் சொல்லிக்கொடுங்கள், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று தாங்கள் மார்லிஸிடம் வந்து கேட்டீர்களாம். பிறந்ததிலிருந்து ஒருநாளும் ஆடாத மனுஷன், அறுபத்தேழு வயதில். மேலே கூடத்தில் கம்பளம், கால் சுழலாது, ஆர்டித் அம்மாளின் ஜன்னல் வேறு எதிரே இருக்கிறது. ஆட லாயக்கான சிமென்ட் தரை வீட்டிலேயே அந்த நிலவறையில்தான் இருந்தது. பாட்டுப் போட்டால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று என் கடிகாரத்தின் டிக்கையே தாளமாக வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பூட்ஸைக் கழற்றச் சொன்னதும் அவள்தானாம். எதற்காகத் தெரியுமா? "அந்த மனுஷன் நடந்தா உன் மேசை ஆடுமேன்னுதான்டா கழட்டச் சொன்னேன்!" என்று கதவுக்கு உள்ளேயிருந்து சொல்லிவிட்டு அழுதாள். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிற சீட்டு வழியாகத்தான். நேற்றைய சீட்டு: "சூப் அடுப்பில். கடிகாரத்துக்கும் ஊற்றிக்கொடு."

மறுநாள் கர்ட்டிஸ் மூலமாகத் தங்கள் செய்தி வந்தது. பையனுக்காகச் சர்ச்சுக்கு வருவேன், மண்டபத்துக்கு வர மாட்டேன் என்று. கெண்ட்ரா அதை என்னிடம் சொன்னபோது அவள் குரல் உயரவே இல்லை. "ஆர்லின் மாமா மண்டபத்துக்கு வரலைன்னா, உன்னோட ஆட்டமும் கிடையாதுப்பா. ரெண்டு ஆட்டத்தையும் எடுத்துடச் சொல்லிட்டேன்."

இங்கே ஒரு அசிங்கமான உண்மையை எழுதியாக வேண்டும். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. நாலு மாதமாக முழங்கால் வலி என்று சொல்லி அந்த ஆட்டத்திலிருந்து நழுவப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. எனக்குத் தாளம் வராது. மார்லிஸ் செக் நாட்டுக்காரர் மண்டபத்தில் போல்கா நடனம் ஆடிப் பரிசு வாங்கினவள். எங்கள் கல்யாணத்தன்று மூன்றாவது அடியிலேயே அவள் கால் பெருவிரலை உடைத்தேன், தேனிலவு முழுக்க நொண்டினாள். ஒரு நொடியைக் கோடி கோடியாகக் கூறுபோட்டு அளக்கத் தெரிந்தவனுக்கு ஒரு நொடிக்கு ஒரு காலை எடுத்துவைக்கத் தெரியவில்லை என்று ஊர் முன்னால் தெரியவேண்டுமா என்ற வெட்கம்தான். அந்த நிம்மதி ரெண்டு நிமிஷம்தான் இருந்தது. அப்புறம் கெண்ட்ரா கல்யாணக் கவுனுக்காக வாங்கிவைத்திருந்த செருப்பை, தாழ்ந்த குதிகால் உள்ளதை, பெட்டிக்குள் திரும்ப வைத்ததைப் பார்த்தேன். "உங்க அப்பா காலை மிதிப்பார், பலமானதா ஒண்ணு வாங்கு" என்று மார்லிஸ் சொல்லி வாங்கினது. என்னோடு ஆடுவதற்காக என்றே பலமான செருப்பு வாங்கின பெண் அவள்.

போன செவ்வாய் தாங்கள் வரவில்லை. கோடு ஒரு மயிரிழை பிசகாமல் நேராக ஓடியது. பலகையில் பெயர் பொறிக்கத் தக்க கோடு. ஹெர்ம் பார்த்துவிட்டுக் கைகொடுத்தான். நான் நிலவறையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேலே பாத்திரம் உருட்டுகிற சத்தம்கூட இல்லை. தங்கள் மணம்கூட இல்லை. சம்பந்தி, அந்த வாசனையை நான் தேடுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

ஆகவே கேளுங்கள். பரிகாரமாக, இன்று காலை, எண்பத்திரண்டாம் நாளில், இந்தக் கையாலேயே இரண்டு கடிகாரத்தையும் அணைத்துவிட்டேன். எங்கள் கூட்டத்தில் அதை அணைப்பது என்றால் என்னவென்று ஹெர்மைக் கேட்டுப் பாருங்கள், பெற்ற பிள்ளையைப் பேருந்து நிலையத்தில் விட்டுவிட்டு வருவது போல. மார்லிஸுக்கும் ஃப்ரிட்ஜில் சீட்டு எழுதி ஒட்டிவிட்டேன். நிலவறை இனி தங்களுடையது. பூட்ஸோடு இறங்கலாம், பன்றியோடு இறங்கினாலும் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நான் தங்களைச் சந்தேகப்பட்டதற்காகப் படும் வெட்கம் ஒரு பங்கு. சந்தேகப்பட்டுவிட்டு அதைக்கூட ஒழுங்காகக் கேட்காமல் கடிகாரத்துக்காகக் கத்தினதற்கு ஒன்பது பங்கு. பதினான்காம் தேதி மண்டபத்துக்கு வந்துவிடுங்கள். லோயிஸ் அம்மாளின் ஆட்டத்தைத் தாங்கள் ஆடுங்கள். அதற்கு முந்தின ஆட்டத்தில் ஊர் என்னைப் பார்த்துச் சிரித்து முடித்திருக்கும், தங்களைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் தெம்பு இருக்காது. அந்த உபகாரத்தையாவது நான் செய்கிறேன்.

தங்கள் கொட்டகையும் களஞ்சியமும் நிறைந்திருக்கவும், பிள்ளைகள் இருவரும் எங்களைவிடக் கெட்டிக்காரர்களாக வாழவும் கர்த்தர் அருள் செய்வாராக. மார்லிஸ் தங்களை விசாரித்ததாக எழுத ஆசை, அவள் என்னோடு பேசினால் நிச்சயம் விசாரிப்பாள்.

இப்படிக்கு,
தலைகுனிந்த சம்பந்தி,
டுவெய்ன் ப்ரிபில்

பி.கு.: மணி பன்னிரண்டு அடிக்கப் போகிறது, இதை வீட்டில் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேலே கடிகாரத்தை அணைத்துவிட்டேன் என்று எழுதியது பொய். திரையை மட்டும்தான் அணைத்தேன். கை சுவிட்சுவரை போனது, விரல் கேட்கவில்லை. காபிக் கடையிலிருந்து தபால்தலை தேடி வீட்டுக்கு வந்தவன், மார்லிஸ் கண்ணில் படவில்லையே என்று மெதுவாகச் சமையலறையில் வைத்திருக்கிற இன்னொரு திரையைப் போட்டுப் பார்த்தேன். கோடு ஏறிக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டேன், பத்து பல்பு. மூன்று ஆள்! நான் பாலீஷ் போட்டுக் கூடத்தில் வைத்திருந்த பூட்ஸ் அங்கே இல்லை. படிக்கட்டின் மேல்படியில், ஒன்றோடொன்று சேர்த்து வைத்திருந்தது. பூட்ஸை எடுத்துப் போக வந்தவர், போட்டதைத் திரும்பக் கழற்றி வைத்துவிட்டுக் கீழே இறங்கியிருக்கிறார் என்று புரிந்தது.

அதற்கு மேல் நடந்தது தங்களுக்கே தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், எனக்கு மறக்காமல் இருக்க. நான் இறங்கினதும் மார்லிஸ், ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் வார்த்தையாக, "கடிகாரத்தை அணைச்சுட்டேன்னு சீட்டு ஒட்டினியே, டுவெய்ன், அப்ப இந்த டிக் டிக் எங்கேருந்து வருது?" என்றாள்.  தாங்கள்தான் தரையைப் பார்த்துக்கொண்டே, "நல்லவேளை அணைக்கல. அது இல்லைன்னா எனக்குக் காலு வராது" என்றீர்கள். கெண்ட்ரா அந்தப் பலமான செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள். "நீயும் பூட்ஸைக் கழட்டுப்பா" என்றாள். கழற்றினேன். என் காலுறையில் ஓட்டை, அதையும் பார்த்தீர்கள்.

மூன்று சுற்று ஆடினதும் கெண்ட்ரா என் காதில் சொன்னாள்: "அப்பா, நீ லேட்டு."

"எவ்வளவு?"

"அரை செகண்ட்."

அரை நொடி! இந்த வீட்டில் அவ்வளவு பெரிய பிழையை நான் எந்தக் காலத்திலும் அனுமதித்ததில்லை. அவள் கையை விடவில்லை, நானும் திருத்திக்கொள்ளவில்லை. கோடு திரையின் மேல் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. நோட்டில் எழுதிவிட்டேன்: "வியாழன் 11.05, நாலு ஆள்." பலகையில் என் பெயர் இந்த வருஷமும் இல்லை, ஹெர்முக்குச் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே மேலே எழுதியிருப்பதில் இனி ஒன்றுக்கும் அவசியம் இல்லை. ஆனாலும் இவ்வளவு பக்கம் எழுதிக் கை வலிக்கிறது, கிழிக்க மனம் வரவில்லை. தபால்தலையும் கிடைக்கவில்லை. தாங்கள் கீழே மார்லிஸோடு நாலாவது சுற்றில் இருக்கிறீர்கள், மேசை ஆடுகிற சத்தம் இங்கே கேட்கிறது. கடிதத்தைத் தங்கள் இடது பூட்ஸுக்குள் வைக்கிறேன், கால் நுழைக்கும் முன் எடுத்துவிடுங்கள். அரைப் பன்றி விஷயத்தை மட்டும் படிக்காமல் தாண்டிவிடுங்கள். பதினான்காம் தேதி மண்டபத்தில் பார்ப்போம், நான் அரை நொடி பிந்தித்தான் வருவேன்.